ஜனாதிபதிகள் சொல்லும் எதிர்காலத்தைத் திருகோணமலையில் இருந்து வாசித்தல்

இந்தியக் குடியரசுத் தலைவர் ஆண்டின் முதல் கூட்டத்தொடரில் வாசிக்கும் உரையையும், இலங்கை ஜனாதிபதியின் அக்கிராசன உரையையும் (கூட்டத்தொடரின் தொடக்கத்தில் வரும் கொள்கை உரை) அருகருகே வைத்து "இரு தலைவர்களின் தொலைநோக்கு" என்று கட்டுரை எழுதுவது உயர்தர அரசறிவியல் மாணவர்களிடமும் விவாத அணிகளிடமும் வழக்கமாக உள்ளது. அந்த ஒப்பீடு நிற்காது. இந்திய அரசியலமைப்பின் 87ஆம் உறுப்புரையின்படி நிகழ்த்தப்படும் அந்த உரையை அமைச்சரவை எழுதிக் கொடுக்கிறது, குடியரசுத் தலைவர் வாசிக்கிறார். இங்கே இலங்கையில் ஜனாதிபதியே அரசாங்கத்தின் தலைவர், தன் உரைக்குத் தானே பொறுப்பாளி. இந்தியாவோடு ஒப்பிட வேண்டுமென்றால் பிரதமர் ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் ஆற்றும் உரையைத்தான் எடுக்க வேண்டும். எந்த நாட்டு உரையாக இருந்தாலும், பேசியவருக்குத் தான் சொன்னதைச் செய்யும் அதிகாரம் இருந்ததா என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்தது உரையின் வகை. பதவியேற்பு உரை, கொள்கை உரை, சுதந்திர தின உரை, ஐ.நா. பொதுச்சபை உரை ஆகிய நான்குக்கும் நான்கு வேலைகள். பதவியேற்பு உரை மிகச் சுருக்கமாகவும் இருக்கலாம். ஜோர்ஜ் வொஷிங்டனின் இரண்டாவது பதவியேற்பு உரை 135 சொற்கள்தான். லிங்கன் 1865 மார்ச் 4 அன்று ஆற்றியது சுமார் 700 சொற்கள். அவற்றில் திட்ட விபரம் இல்லையே என்று குறை சொல்வது பொருந்தாது. திட்டத்தைத் தேட வேண்டிய இடம் கொள்கை உரை. எங்கள் அரசியலமைப்பின் 33ஆம் உறுப்புரையின் கீழ், பாராளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கும்போது ஜனாதிபதி அரசாங்கக் கொள்கைக் கூற்றை முன்வைக்கிறார். பாராளுமன்றம் அதை நிராகரித்தால் அமைச்சரவை கலைந்துவிடும். அமெரிக்காவில் காங்கிரஸ் முன் ஆற்றப்படும் நாட்டு நிலை உரைக்கு அப்படி ஒரு சட்ட விளைவு கிடையாது, கைதட்டலோடு முடிந்துவிடும். அதனால் இங்குள்ள கொள்கை உரையின் ஒவ்வொரு வாக்கியத்தையும் அங்குள்ளதை விடக் கடுமையாகச் சோதிப்பது நியாயமே.

உரையின் பிரதியைப் பெறுவதிலும் கவனம் தேவை. முன்கூட்டியே ஊடகங்களுக்குக் கொடுக்கப்படும் பிரதி ஒன்று, மேடையில் பேசியது இன்னொன்று. பாராளுமன்றத்தில் பேசியதற்கு அதன் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சாட் அறிக்கைதான் நம்பகமானது. மற்ற உரைகளுக்கு ஒளிப்பதிவைப் பார்த்துப் பிரதியைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆட்சி மாறும்போது அரச இணையத்தளங்களும் மாறும். வெள்ளை மாளிகையின் தளம் புதிய ஜனாதிபதி பதவியேற்கும் அன்றே புதிதாகிவிடும், பழையது ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். ஆகவே வாசித்த அன்றே ஒரு பிரதியைச் சேமித்து, கோப்பின் பெயரில் திகதி, இடம், உரை வகை மூன்றையும் எழுதி வையுங்கள். எங்கள் ஜனாதிபதிகளின் உரைகளில் தமிழ்ப் பிரதி பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. எந்தப் பகுதியை ஜனாதிபதி தமிழிலேயே பேசினார், எந்தப் பகுதி பிறகு தமிழாக்கப்பட்டது என்பதை விளிம்பில் குறித்துக்கொள்ள மறக்கக் கூடாது. அந்தக் குறிப்பு பின்னால் மிகவும் உதவும்.

இனி வாசிப்பு. ஒரு தாளில் ஐந்து நிரல்கள் போடுங்கள்: எப்போது, எவ்வளவு பணம், யார் செய்வது, எங்கே, யாருக்கு. எதிர்காலத்தைப் பற்றிய வாக்கியம் வரும்போதெல்லாம் ஒரு வரி. ஐந்தும் நிரம்பும் வாக்கியம் அபூர்வம். ஐந்தும் வெறுமையாக இருக்கும் வாக்கியங்கள் தாராளமாகக் கிடைக்கும். அவற்றையும் விடாமல் எழுதுங்கள், ஏனென்றால் மொத்தத்தில் அவை எத்தனை பங்கு என்பதே ஒரு முடிவு.

ஐந்து நிரல்களும் நிரம்பினால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஜோன் எஃப். கென்னடி 1961 மே 25 அன்று காங்கிரஸில் ஆற்றிய உரையை எடுக்கலாம். பத்தாண்டு முடிவதற்குள் மனிதனை நிலவில் இறக்கிப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது இலக்கு. அதே உரையில் முதலாம் ஆண்டுக்கு 53.1 கோடி டொலரும், அடுத்த ஐந்தாண்டுகளில் மேலதிகமாக 700 முதல் 900 கோடி டொலரும் வேண்டும் என்றார். பாதி வழியில் நிற்பதானால் தொடங்காமலே இருப்பது நல்லது என்று, மறுக்கும் வாய்ப்பையும் காங்கிரஸிடமே கொடுத்தார். 1969 ஜூலையில் அது நடந்தது. பலருக்கு நினைவில் நிற்பது நிலவு மட்டும்தான். செலவைச் சொன்ன பகுதிதான் அந்த உரையின் முதுகெலும்பு என்பது எங்கள் கருத்து.

நெல்சன் மண்டேலாவை எடுத்தால் இரண்டு உரைகளைச் சேர்த்தே வாசிக்க வேண்டும். 1994 மே 10, பிரிட்டோரியாவில் பதவியேற்பு: கறுப்பரும் வெள்ளையரும் தலைநிமிர்ந்து நடக்கும் வானவில் தேசம் என்ற கனவு. இரண்டே கிழமை கழித்து மே 24, பாராளுமன்றத்தில் கொள்கை உரை: முதல் 100 நாட்களுக்குள் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் அரச வைத்தியசாலைகளில் இலவச மருத்துவம், தேவைப்படும் ஆரம்பப் பாடசாலைகளில் உணவு, அந்த நிதியாண்டிலேயே 350,000 வீடுகளுக்கு மின்சாரம், புனர்நிர்மாணத்துக்கு 250 கோடி ராண்ட் ஒதுக்கீடு. முதலாவதை மட்டும் வாசித்தவர் மண்டேலாவைக் கவிஞர் என்பார், இரண்டாவதை மட்டும் வாசித்தவர் நிர்வாகி என்பார். ஒரே மாதத்தில் இரண்டு வேலையையும் பிரித்துச் செய்தது அவருடைய பெரிய திறமை.

ஐந்தில் "எப்போது" என்ற நிரலோடு அதிக நேரம் செலவழியுங்கள். இலக்கு ஆண்டிலிருந்து ஜனாதிபதியின் பதவிக்காலம் முடியும் ஆண்டைக் கழியுங்கள். விடை சுழியமோ அதற்குக் கீழோ என்றால், அவரிடமே கணக்குக் கேட்கலாம். பத்து, இருபது என்று போனால் கணக்குக் கேட்கும்போது அவர் இருக்க மாட்டார்.

இந்தக் கழித்தலைச் செய்து பார்த்தால் ஒரு பொதுப் பழக்கம் தெரியும். நெடுந்தூர வளர்ச்சி இலக்குக்கு நாடுகள் குறித்த ஆண்டுகள் இவை: இந்தோனேசியா 2045, இந்தியா 2047, இலங்கை 2048, சீனா 2049. முதல் மூன்றும் சுதந்திரத்தின் நூற்றாண்டு, நான்காவது மக்கள் குடியரசின் நூற்றாண்டு. ஒரு நாடு வளர்ச்சியடைய எவ்வளவு காலம் எடுக்கும் என்று கணக்குப் போட்டு இந்த ஆண்டுகள் வந்ததாகத் தெரியவில்லை, விழாவின் திகதியே இலக்காகிவிட்டது. ரணில் விக்கிரமசிங்க 2048ஐ முன்வைத்தபோது, பாராளுமன்றம் அவரைத் தெரிவு செய்தது 2024 வரை எஞ்சியிருந்த காலத்துக்கு மட்டும். கழித்தால் 24 ஆண்டுகள்.

நெடுந்தூர இலக்கு வைப்பது குற்றமல்ல. இடையில் கிட்டிய இலக்கு ஒன்றை நட்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. சீனாவில் ஷி ஜின்பிங் 2017 ஒக்டோபர் கட்சி மாநாட்டு உரையில் நூற்றாண்டு நடுப்பகுதிக்கு முன்னால் 2035ஐ வைத்தார். ருவாண்டாவின் 2050 தொலைநோக்கிலும் 2035 இடையில் நிற்கிறது. எங்கள் 2048க்கு அப்படியான இடை இலக்குகள், உரைகளில் இருந்ததை விடத் தெளிவாக, 2024ஆம் ஆண்டின் பொருளாதார நிலைமாற்றச் சட்டத்தில் உள்ளன. அரச கடனை 2032இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 95 வீதத்துக்குக் கீழ் கொண்டுவர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. எனவே உரையோடு நிறுத்தாமல், அதன் பின்னால் வந்த சட்டத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் அதே தாளில் சேர்க்க வேண்டும். உரையில் இருந்தது சட்டத்துக்குப் போகும்போது என்ன கூடியது, எது காணாமல் போனது என்பதை அப்போதுதான் பார்க்க முடியும்.

காலத்தைச் சுருக்குவது எப்போதும் துணிவு ஆகாது. ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் 30 ஆண்டுகளுக்கு வகுத்த மகாவலித் திட்டத்தை 6 ஆண்டுகளில் முடிப்பதாகச் சொன்னபோது அதன் பின்னால் வெளிநாட்டு நிதியும் பொறியியல் திட்டமும் இருந்தன, அதனால் பெரிய அணைகள் எழுந்தன. கோட்டாபய ராஜபக்ஷவின் 2019 தேர்தல் விஞ்ஞாபனம் சேதனப் பசளைக்கு மாற 10 ஆண்டுகள் கொடுத்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை வந்தது, நவம்பரில் அதை மீளப் பெற வேண்டியதாயிற்று. அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் என்னவானது என்பதைக் கந்தளாய், மூதூர், கிண்ணியா கமக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே "எப்போது" நிரலில் ஒரே ஒரு எண்ணை எழுதாதீர்கள். விஞ்ஞாபனத்தில் சொன்ன காலம், கொள்கை உரையில் சொன்ன காலம், வர்த்தமானியில் வந்த காலம் என மூன்றையும் எழுதுங்கள். மூன்றும் விலகினால் ஏன் என்று கேளுங்கள்.

கைமாறும் வாக்குறுதிகளுக்கு ஒரு தனிக் குறி போடுங்கள். நிறைவேற்று ஜனாதிபதி முறையை 1995 ஜூலை 15க்குள் ஒழிப்பதாகச் சந்திரிகா குமாரதுங்க 1994 தேர்தல் காலத்தில் உறுதியளித்தார். நாள் குறித்துச் சொன்ன வாக்குறுதி எங்கள் அரசியலில் அரிது, அந்த வகையில் அது நேர்மையானது. நிறைவேறவில்லை. பின்னால் வந்த வேட்பாளர்கள் அதே வாக்குறுதியை நாள் குறிப்பிடாமல் சொல்லப் பழகிக்கொண்டார்கள். ஒரே வாக்குறுதி பல உரைகளில் வரும்போது அதன் திகதி மங்கிக்கொண்டே போவதை இந்தக் குறி காட்டிக்கொடுக்கும்.

"பணம்" நிரலில் நான் அதிகம் நிற்கப் போவதில்லை. அந்தத் தொகை வரவு செலவுத் திட்டத்தில் எந்த அமைச்சின் தலைப்பின் கீழ் வந்தது என்று பார்த்தால் போதும். ஆனால் ரணசிங்க பிரேமதாசவின் ஜனசவிய வறுமை ஒழிப்புத் திட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. மாதம் 2,500 ரூபா, 24 மாதங்கள், அதில் 1,458 ரூபா நுகர்வுக்கு, 1,042 ரூபா சேமிப்புக்கு, முடிவில் சேமிப்பாக 25,000 ரூபா. திட்டத்தின் குறைகள் வேறு கதை. ஒரு குடும்பம் உட்கார்ந்து தன் எதிர்காலத்தைத் தானே கணக்குப் பார்க்கக்கூடிய அளவுக்கு எண்கள் இருந்தன. "வறுமை ஒழிக்கப்படும்" என்ற வாக்கியத்தை வைத்து எந்தக் குடும்பமும் அப்படிக் கணக்குப் பார்க்க முடியாது.

"யார் செய்வது" நிரலுக்கு வினைமுற்றுகளைப் பாருங்கள். "அமைப்போம்" என்றால் பேசுபவரும் பொறுப்பில் இருக்கிறார். "அமைக்கப்படும்" என்றால் செய்பவர் மறைந்துவிட்டார். "மக்கள் முன்வர வேண்டும்" என்றால் வேலை எங்கள் தலையில். மூன்றையும் எண்ணி உரையின் முதற்பாதி, பிற்பாதி எனப் பிரித்து வைத்தால், எந்த இடத்தில் பொறுப்பு கைமாறுகிறது என்பது தெரிந்துவிடும். எச்சரிக்கை ஒன்று: மொழிபெயர்ப்புப் பிரதியில் இதை எண்ணினால் ஜனாதிபதியை அல்ல, மொழிபெயர்ப்பாளரை அளந்ததாகிவிடும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம், முக்கியமான பத்து வாக்கியங்களையாவது மூலத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி எங்களுக்கு நெருக்கமான இரண்டு நிரல்கள்: எங்கே, யாருக்கு.

ஜனாதிபதி உரைகளில் திருகோணமலை வரும்போது பெரும்பாலும் துறைமுகமாக அல்லது எண்ணெய்க் குதமாக வருகிறது. சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்தில் கட்டப்பட்ட தாங்கிகளில் 99 இன்று பேசப்படுகின்றன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீட்டர் கொள்ளும். 2022 ஜனவரி 6 உடன்படிக்கையில் 24 இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐஓசிக்கு, மீதி 61 இருவரும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு என்று பிரிக்கப்பட்டது. கூட்டு நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். அதே ஆண்டு ஆகஸ்ட் 3 கொள்கை உரையில் ரணில் விக்கிரமசிங்க இந்தக் குதங்களைத் தொட்டார். இந்தியாவோடு சேர்ந்து அவற்றை முன்னரே அபிவிருத்தி செய்ய விட்டிருந்தால் மக்கள் எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்றிருக்க மாட்டார்கள் என்பது அவருடைய வாதம். கவனியுங்கள், திருமலை அங்கே எதிர்காலத் திட்டமாக வரவில்லை, தவறவிட்ட வாய்ப்புக்கு உதாரணமாக வருகிறது. இடப்பெயர் வந்ததும் "எங்கே" நிரலில் எழுதிவிடுவது பலர் விடும் பிழை. அந்த வாக்கியம் இறந்தகாலமா எதிர்காலமா என்று பார்த்த பிறகே எழுதுங்கள்.

எங்கள் மாவட்டத்துச் சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் யுத்தத்தில் சனம் இடம்பெயர்ந்தது. மஹிந்த ராஜபக்ஷ காலத்தில் அங்கே இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் என்று திட்டமிட்டார்கள். முதலீட்டு வலயத்துக்கென முன்னர் எடுக்கப்பட்டிருந்த 818 ஏக்கரை மைத்திரிபால சிறிசேன 2015இல் விடுவித்து மக்களிடம் கையளித்தார். 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரல் 5 அன்று அநுர குமார திசாநாயக்கவும் இந்தியப் பிரதமரும் கொழும்பிலிருந்து 120 மெகாவாட் சூரிய மின்சக்தித் திட்டத்தை அங்கே ஆரம்பித்து வைத்தார்கள். அதே நாளில் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டன. ஒரே நிலம் நான்கு விதமான எதிர்காலங்களைச் சுமந்திருக்கிறது. இவற்றில் அங்கே குடியிருப்பவர்கள் எழுவாயாக வந்தது 2015இல் மட்டும்தான். மற்ற வேளைகளில் மெகாவாட்தான் எழுவாய்.

மின்சாரம் தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சம்பூர், மூதூர், குச்சவெளி, நிலாவெளி என்று வாசிப்பவர் தன் ஊரைத் தேடும்போது, அங்கே சனம் இருக்கிறதா, அல்லது வரைபடத்தில் ஒரு புள்ளிதான் இருக்கிறதா என்பது இந்த மாவட்டத்துக்கு மிகப் பெரிய கேள்வி. கடற்றொழிலாளியின் கரை, கமக்காரரின் நீர், மீள்குடியேறியவரின் உறுதிப்பத்திரம் ஆகிய மூன்றும் உரையில் வருகின்றனவா என்று தேடிப் பாருங்கள். துறைமுகம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி இரண்டையும் பக்கத்தில் எழுதுங்கள்.

"யாருக்கு" என்பதை அறிய "நாம்" என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மஹிந்த ராஜபக்ஷ 2009 மே 19 அன்று பாராளுமன்றத்தில் பேசும்போது, சில வாக்கியங்களைத் தமிழில் பேசினார். ஒரு தாயின் பிள்ளைகளாக வாழ வேண்டும் என்பது அந்தப் பகுதியின் சாரம். அதே உரையில், சிறுபான்மையினர் என்று இனி யாரும் இல்லை, நாட்டை நேசிப்பவர்கள், நேசிக்காத சிறு குழுவினர் என இரண்டு வகையினரே உண்டு என்றார். 2013 பெப்ரவரி 4, 65ஆவது சுதந்திர தினம் எங்கள் திருகோணமலையிலேயே நடந்தது. இங்கும் தமிழில் பேசினார். இன அடிப்படையில் வெவ்வேறு நிர்வாகங்கள் சாத்தியமில்லை, சம உரிமையோடு சேர்ந்து வாழ்வதே தீர்வு என்ற கருத்தையும் இதே மேடையில் வைத்தார். தமிழில் என்ன சொல்லப்பட்டது, சிங்களத்தில் என்ன சொல்லப்பட்டது என்று விளிம்பில் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். அன்பின் மொழி ஒரு பகுதியிலும், அதிகாரம் பற்றிய முடிவு மற்றப் பகுதியிலும் வந்தால், இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் அவர் கண்ட எதிர்காலம் முழுமையாகத் தெரியும்.

கோட்டாபய ராஜபக்ஷ 2019 நவம்பர் 18 அன்று அநுராதபுரம் ருவன்வெலிசாயவில் பதவியேற்றபோது, சிங்கள மக்களின் வாக்கால் வெல்ல முடியும் என்று தனக்குத் தெரிந்திருந்தது, தமிழரையும் முஸ்லிம்களையும் சேர அழைத்தும் எதிர்பார்த்த அளவு வரவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் ஜனாதிபதியாக இருப்பேன் என்றார். இந்த வரிசையைக் கவனியுங்கள்: கணக்கு முதலில், உறுதி பின்னால். அநுர குமார திசாநாயக்க 2024 நவம்பர் 21 கொள்கை உரையில் நான்கு திசை மக்களும் ஆணை தந்ததைச் சொல்லி, இனவாத அரசியலுக்கோ மதத் தீவிரவாதத்துக்கோ இனி இடமில்லை என்றார். அந்த மாதப் பாராளுமன்றத் தேர்தலில் திருகோணமலை மாவட்டத்தையும் அவருடைய கட்சி வென்றிருந்ததால் அந்த "நாம்" இங்கே நின்று கேட்டாலும் பொருந்தியது. அதை மனமார வரவேற்கிறோம். அதே சமயம், இனவாதம் இருக்காது என்பது எது இருக்காது என்பதைச் சொல்கிறது. அதிகாரம் எப்படிப் பகிரப்படும், மாகாண சபைத் தேர்தல் எப்போது என்ற நிரல்களை வேறு வாக்கியங்களால்தான் நிரப்ப வேண்டும். மண்டேலாவின் இரண்டாவது உரைக்கு இணையான பகுதி அது.

மாணவர்கள் இதைக் கட்டுரையாக எழுதும்போது இரண்டு ஜனாதிபதிகளுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரே வகை உரை, பதவிக்காலத்தின் ஒரே கட்டம்: முதலாண்டுக் கொள்கை உரையோடு முதலாண்டுக் கொள்கை உரை. யுத்தம் முடிந்த கிழமையில் ஆற்றிய உரையையும் கடன் நெருக்கடியில் ஆற்றிய உரையையும் ஒப்பிட்டால், ஆளை விடச் சூழலே அதிகம் தெரியும். ஒரு உரைக்கு ஐந்து நிரல் தாள் தயாரிக்க ஒரு பின்னேரம் போதும். இருவர் தனித்தனியே நிரப்பி, பிறகு ஒத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. இருவரும் வேறுபடும் வரிகள்தான் பெரும்பாலும் உரையின் மங்கலான இடங்கள்.

நடைமுறைப் பயிற்சிக்கு ஒரு இலக்கு இப்போதே கைவசம் இருக்கிறது. 2030இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்பதை அறிவித்தது கோட்டாபய ராஜபக்ஷ அரசாங்கம். ஆட்சிகள் மாறியும் அது கைவிடப்படவில்லை. இன்றைய ஜனாதிபதியின் ஐந்தாண்டு 2029 செப்ரெம்பரில் முடிகிறது, கழித்தால் ஒன்று. சம்பூரின் 120 மெகாவாட் அந்தக் கணக்குக்குள் வரும். அடுத்த கொள்கை உரையில் இந்த 70 வீதத்தைத் தேடி, அதே எண் வருகிறதா, ஆண்டு நகர்ந்திருக்கிறதா, சம்பூர் பெயர் வந்தால் அங்குள்ள சனமும் கூடவே வருகிறதா என்று மூன்று வரிகளை நிரப்புங்கள்.